சீல் என்று சொல்லியிருக்கலாம்

மஸ்கட்

அன்புள்ள அம்மாவுக்கு அஜிதன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நைனாவுக்கு முட்டி வலி தேவலையா?

வல்லத்துக் குரு ஊருக்குத் திரும்புகிறான். அவன் கையில்தான் இதைக் கொடுத்தனுப்பப் போகிறேன்.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் பட்டறையில் ஒரு லாரிக்கு இன்ஜின் மாற்றினோம். மறுநாளே ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸிலிருந்து சிவப்பு ஆயில் ஒழுகியது. ரப்பர் சீல் தேய்ந்து போயிருக்கும் என்றார்கள். போர்மேன் என்னைப் பார்க்கச் சொன்னார். கழற்றிப் பார்த்தால் உள்ளே பம்ப்பே விரிசல் விட்டிருந்தது. இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் கன்வர்ட்டர் முழுதாக உட்காருவதற்கு முன்பே போல்ட்டை முடுக்கி இழுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். யார் மாட்டியது என்று கேட்டார். பக்கத்தில் நின்ற குரு, "நாந்தான்" என்றான். அன்றே அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அறைக்கு வந்ததும், "சீலு போச்சின்னு சொல்லிருந்தா இன்னா அஜிதா?" என்றான். அதோடு பேச்சில்லை. எனக்கு அப்போது லாரிதான் கண்ணில் இருந்தது, ஆள் இல்லை.

எனக்கு எள்ளுருண்டை எதுவும் செய்து வைக்காதே. கொண்டுவர இனி ஆளில்லை.

அவனை ஏர்போர்ட்டுக்கு ஏற்றிப்போக வண்டி வந்துவிட்டது. இது உன் கைக்கு வந்தால், என்னிடம் வாங்கிக்கொண்டான் என்று அர்த்தம். அவன் செஞ்சியில் பஸ் இறங்கி நம் வீட்டுக்கு வரும்போது இருட்டியிருக்கும். நாம் சமணர்கள், பொழுது சாய்ந்தால் அடுப்பு மூட்டமாட்டோம் என்று தெரிந்தவன், சாப்பாடு வேண்டாம் என்பான்.

இந்த ஒரு நாள் மூட்டும்மா.

அஜிதன்