மந்திரித்த உப்பு

1955 ஏப்ரல் 12, சைகோன்
காலையில் கடுகு மாதிரி உருண்டையாகக் கிடந்த தவளை முட்டைகளில் மதியம் ஒரு சின்ன மடிப்பு. அதை ஆய்வுக்கூடத்தில் உதடு என்போம். உதடு இருக்கும் பக்கம் முதுகு, எதிரே வயிறு. இது முட்டைக்கு எப்படித் தெரிகிறது?

எங்கள் பேராசிரியர் முசியே பியேர் சொல்வது: உதட்டிலிருந்து ஏதோ கசிகிறது, புரதமாக இருக்கலாம். கிட்டே அடர்த்தி, போகப் போக நீர்த்துவிடும். தனக்கு எட்டிய அளவைப் பார்த்து ஒரு செல் முதுகாகிறது, இன்னொன்று விலாவாகிறது, எதுவும் எட்டாதது வயிறாகிறது. எங்கள் சந்தில் மீன்சாறு ஜாடியைத் திறந்தால், கண்ணை மூடிக்கொண்டே வீடு எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுவேன். அப்படித்தான் போல. நாளெல்லாம் அதே நினைப்பில் மிதந்துகொண்டிருந்தேன்.

ஏப்ரல் 15
என் கணவர் இக்னாஸுக்கு உத்தரவு வந்துவிட்டது. அவர் வேலை பார்க்கும் பிரெஞ்சுப் பட்டாளத்து ஆபீஸ் ஜூனில் மர்சேய்க்குக் கப்பலேறுகிறது, நாங்களும்தான். புதுச்சேரியில் கொடி மாறியாயிற்று, இங்கேயும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே போய் நான் என்ன செய்வேன்? இவருக்குச் சமைப்பேனா?

முசியே பியேரிடம் அங்கே ஒரு வேலை கேட்டேவிட்டேன். "ஒரு முட்டையின் உதட்டை வெட்டி, இன்னொன்றின் வயிற்றில் ஒட்டு. அங்கே இரண்டாவது முதுகு எழும்பினால், பிரான்சில் என் ஆய்வுக்கூடத்தில் உனக்கு வேலை" என்றார். இத்தனை வருஷம் நான் தவளை வாங்கி வந்து, தட்டு கழுவியவள்.

ஏப்ரல் 26
ஒட்டிவிட்டேன்! என் தலைமுடியையே வளையமாக்கி, அதைக்கொண்டு வெட்டிய துண்டை நகர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஊரில் சண்டை மூளும் என்கிறார்கள். தட்டை வீட்டுக்கே கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். அங்கேதான் குளிர்ச்சி.

ஏப்ரல் 28
எல்லாம் போச்சு. உள்ளே மடிய வேண்டிய சதை வெளியே பிதுங்கிக் கிடக்கு. தோல் வெறும் பை. முதுகும் இல்ல, மூளையும் இல்ல.

இக்னாஸ் தலையைச் சொறிந்தார். "நல்லபடியா வரணும்னுதான்... மாதா கோயில் சாமியார் குடுத்த மந்திரிச்ச உப்பு இருந்துச்சில்ல, ஒரு சிட்டிகை போட்டேன், மார்கரித்."

உப்பு! சவ்வை உரிச்ச முட்டையில உப்பு!

வெளியே பீரங்கிச் சத்தம். நான் எதற்கு அழுகிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை, பாவம் — பாவமாவது ஒன்றாவது.

ஏப்ரல் 29
தட்டைக் கொட்டப் போனவள், மறுபடி பார்த்தேன். தோல் தனியே, சதை தனியே. ஒன்றையொன்று தொடவே இல்லை. அடியிலிருக்க வேண்டிய சதையிடமிருந்து சேதி வராததால் தோல் வெறும் தோலாகவே நின்றுவிட்டது. அழகாகத்தான் இருந்தது. யாரிடம் சொல்ல?

மே 7
ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னும் புகை. முசியே பியேர் விமானத்தில் போய்விட்டார். ஆய்வுக்கூடத்து வாசல்காவலரிடம் விலாசம் மட்டும் விட்டுப்போயிருக்கிறார். இனி ஒட்டினால் என்ன, ஒட்டாவிட்டால் என்ன.

மதியம் மழையில் தொப்பலாக நனைந்து இக்னாஸ் வந்தார். கையில் கூடை, உள்ளே தவளைகள். 'பென்தான்' என்கிற பெரிய சந்தை திறந்ததும் போய் வாங்கியிருக்கிறார். "கறிக்கா, உரிச்சுத் தரவான்னு கடைக்காரி கேட்டா. உசுரோட வேணும்னு சைகையில சொல்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு."

சிரித்துவிட்டேன்.

மே 14
மறுபடி ஒட்டியதில் இரண்டு முதுகு. ஒரே உடம்பில், எதிரும் புதிருமாக. வயிறாகப் போக வேண்டியது, பக்கத்தில் வந்தவள் பேச்சைக் கேட்டு முதுகாகிவிட்டது. இக்னாஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டார்.

ஜூன் 21, கப்பலில்
இரட்டை முதுகுக் குஞ்சு கெடாதபடி ஃபார்மலினில் இருக்கிறது. அதை வைக்க, வீட்டிலிருந்த கோயில் தீர்த்தப் புட்டியை இக்னாஸே கழுவிக் கொடுத்தார். முசியே பியேர் விலாசம் என் பையில். அவர் சொன்ன சொல்லை மறந்திருந்தால்? மறக்கட்டும்; புட்டியை மேசைமேல் வைப்பேன்.

கப்பல் ஆடும்போதெல்லாம் இக்னாஸ் புட்டியை மடியில் வைத்து இரு கையாலும் பிடித்துக்கொள்கிறார். எதிரே உட்கார்ந்திருந்த காரைக்கால் அம்மாள், "தீர்த்தமாங்க? ஒரு சொட்டு குடுங்களேன்" என்று கை நீட்டினாள்.

"இல்லீங்க, இது என் வீட்டுக்காரி செஞ்சது" என்றார் இக்னாஸ். "உப்புக்கூட படக்கூடாது."