இன்றிலிருந்து கெந்திங் சின்ன மலை

ஞாயிறு, இரவு.

இன்று கெந்திங் மலை உச்சிவரை சைக்கிளிலேயே ஏறினேன். ஓரிடத்தில்கூடக் காலைத் தரையில் ஊன்றவில்லை. கடைசி வளைவுகளில் குமார் அண்ணனும் என் கணவரும் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர்களைத் தாண்டும்போது மூச்சு வாங்கியதால் நான் ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

கிள்ளானிலிருந்து வரும் குமார் அண்ணன்தான் எங்கள் சைக்கிள் குழுவுக்குத் தலைவர். பிரான்சுக்குப் போய் ஆல்ப் துவெஸ் மலையில் ஏறியவர். "அதெல்லாம் சும்மா லா. நம்ம கெந்திங்ல ஏறிப் பாரு, கால் கழண்டுடும்" என்று இத்தனை நாளும் சொன்னவரும் அவர்தான். காலையில் புறப்படும்போது என்னிடம், "முடியலன்னா இறங்கிடும்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றார்.

கோலாலம்பூருக்குத் திரும்பி வந்து பிரிக்பீல்ட்ஸ் கடையில் தே தாரிக் குடிக்கும்போது பேச்சு மாறிவிட்டது. "கெந்திங் என்ன, கொஞ்ச தூரம்தானே? மலைன்னா ஆல்ப் துவெஸ்தான் லா. இங்க வேணும்னா கேமரன் மலைய சொல்லலாம்" என்றார் குமார் அண்ணன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

என் கணவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆமாண்ணே, இவளே ஏறிட்டாளே!"

இறங்கினால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இறங்காவிட்டால்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

அவர் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு தூங்கிவிட்டார். தைலத்தை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

அடுத்த மாதம் கேமரன் மலைக்குப் போகிறார்களாம். நானும் போவேன். பாவம், அந்த மலை. நான் ஏறி முடிக்கும்வரைதான் அதற்கு உயரம்.