அவையத்துக்கு வந்த வாள்

அறம் தழைக்க, மழை பிழையாதிருக்க. ஒன்பது ஊர்க் குடிமக்களும் குடவோலை இட்டுத் தேர்ந்த செங்கழனி நாட்டுத் தலைவர், கடற்றுறைக் காவலர், திருமிகு வேண்மான் சேந்தனாருக்கு, அந்நாட்டு அறங்கூறவையத்து முதல்வன் எயினந்தை விடுக்கும் ஓலை. உம் மனையும் சுற்றமும் நலமாகுக. இவ்வளவோடு என் பணிவு முடிந்தது. இனி எழுதுவதெல்லாம் சினத்தோடு எழுதுவது.

இவ்வாண்டுக் குடவோலை எண்ணப்படும் முன்பே, குடங்கள் வைத்த மண்டபத்தின் பூட்டை உடைத்துப் புகுந்து, உமக்கு எதிராய் விழுந்த ஓலைகளை அள்ளிக்கொண்டிருந்த நால்வரை வாயில்காவலன் கோடன் கையும் களவுமாகப் பிடித்தான். நால்வரும் உம் மெய்காவலர். உம் சொற்படியே வந்ததாக அவர்களே ஒப்புக்கொண்டனர். நீரோ ஒன்றும் அறியேன் என்றீர். அறியாதவர் கோடனை நாட்டுப்பகைவன் என்று சிறையிட்டது ஏன்? வழக்கைக் கேட்ட நடுவரை நீக்கினீர். அவருக்குப் பதிலாக நீர் அமர்த்தியவரும் வழக்கை மூட மாட்டேன் என்று எழுந்து போனார். தலைவன் செய்வதெல்லாம் சட்டமே என்று தூதரிடம் சொல்லியனுப்பினீர்.

நேரில் வந்து விடை கூறுமாறு அழைத்தோம். நீர் பல்லக்கில் உம் வாளை ஏற்றி, கொம்பு ஊத, ஆலவட்டம் வீச அனுப்பிவைத்தீர்! திருமணத்துக்கும் விழாவுக்கும் தலைவனுக்குப் பதிலாக அவன் வாள் செல்வது நம் நாட்டு வழக்கந்தான். குற்றம் சாட்டப்பட்டவர் இருக்கையிலும் அது அமருமோ? வாளிடம் நாங்கள் எதைக் கேட்பது? ஒன்பது ஊர் முகத்திலும் கரி பூசிவிட்டீர்.

ஆயினும் வந்த வாளைத் திருப்பி அனுப்ப மாட்டோம். ஆட்சி ஏற்ற அன்று நீர் சூளுரைத்த முறையை மறந்தீர் போலும். தலைவனின் வாள் அவையத்துள் வைக்கப்பட்டால், தீர்ப்பு வரும்வரை அவன் ஆணை எவரையும் கட்டாது. இதை வேறெவரும் உம்மேல் ஏவவில்லை. நீரே பல்லக்கு வைத்து அனுப்பினீர். உம் ஆணையால் பூட்டிய சிறையை இன்று எம் ஆணையால் திறந்தோம். சிறைக்காவலர் ஒருவரும் தடுக்கவில்லை.

அவையத்தார் ஐவரும் கண்டு ஒப்ப, துலாக்கோல் பொறி ஒற்றி விடுக்கும் ஆணை இது: ஓலை கண்டவுடன் குடையும் கொம்பும் இன்றிக் கால்நடையாய் வந்து நிற்பீராக. அவைய வாயிலில் கோடனைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறோம். எவர் வந்தாலும் பெயரும் வந்த காரியமும் கேட்டே உள்ளே விடுவான். உம்மையும் கேட்பான்; அவனிடம் சொல்லிவிட்டு வாரும்.