கூடத்தில் கட்டிய பரிவட்டம்

நவம்பர் 4, 2024

பைபாஸ் வளைவில் நம் ஏழாம் நம்பர் ஸ்கூல் பஸ்ஸை ஒரு ஜல்லி லாரி உரசிவிட்டது. விடுவேனா? பைக்கில் துரத்திப் போய் மறித்து, லாரிக்காரனைக் காலரோடு கீழே இறக்கினேன். ஒரே அறை. மூன்று சுற்றுச் சுற்றி ரோட்டில் உட்கார்ந்தான். "தெய்வமே" என்று கும்பிட்டான். ஏழாம் நம்பரை ஓட்டுகிற பழனிச்சாமி ஷெட்டில் வந்து வேறு மாதிரி சொல்கிறான். "அண்ணன் லாரிக் கதவத் தட்டுனாரு. அவன் ஸாரி சொல்லிட்டுப் போய்ட்டான்." பொறாமை. எட்டாவது வரை படித்தவன் ஐந்து பள்ளிக்கூடத்துப் பஸ்களுக்கும் மேனேஜராக இருந்தால் பல பேருக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

மாலையில் செயலாளர் சோலையப்பன் கூட்டம் போட்டார். சென்னையிலிருந்து மாதம் ஒரு தடவை வருகிறவர். 'கூடம்' என்று போனில் ஒரு ஆப் கொண்டுவருகிறார்கள். நம் ஐந்து பள்ளி ஊழியர்களுக்கு மட்டும். வெளியாள் எட்டிப் பார்க்க முடியாது. வாத்தியார், ஆயா, டிரைவர், வாட்ச்மேன் எல்லோரும் ஒரே இடத்தில் போட்டோ போடலாம், வாழ்த்துச் சொல்லலாம், சர்க்குலர் பார்க்கலாம். நடத்தப்போவது என் அக்கா மகள் பிரகதீஸ்வரி. அவளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்று பக்கத்தில் இருந்த பி.டி. வாத்தியாரிடம் சொல்லிவைத்தேன்.

நவம்பர் 6

பிரகதி வீட்டுக்கு வந்தாள். முகம் சரியில்லை.

"வாத்தியாருங்க எல்லாம் சேந்துட்டாங்க மாமா. டிரைவர்ல, ஆயால ஒருத்தர்கூட வரல. டிசம்பருக்குள்ள அத்தனை பேரும் உள்ள வந்தாத்தான் என்னைப் பெர்மனென்ட் பண்ணுவாங்களாம். இல்லைன்னா கெளம்ப வேண்டியதுதான்."

நாலு வருடமாகத் தற்காலிகம். அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். தாய்மாமன் என்று நான் ஒருத்தன் எதற்கு இருக்கிறேன்?

"என் டிரைவருங்கதானே ஆத்தா? அடிச்சு இழுத்துட்டு வந்துர்றேன்."

"அடிக்கல்லாம் வேணாம். எடுத்துச் சொல்லுங்க, போதும்."

நவம்பர் 9

எடுத்துச் சொன்னேன். மூன்றாம் நம்பர் வெற்றிசெல்வன் வாயில் வெற்றிலையோடு கேட்கிறான்: "ஏண்ணே, போன நோண்டுனா மெமோங்கிறீங்க. இனிமே நோண்டலைன்னா மெமோவா?" ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே அவன் முதுகில் ஒன்று வைத்தேன். சுவரில் மாட்டியிருந்த டயர் கீழே விழுந்தது.

ஒருவனும் சேரவில்லை.

நவம்பர் 11

என் மூளை மூளைதான்.

கூடத்தில் யார் பதிவு பிடித்திருக்கிறதோ அவருக்கு நட்சத்திரம் கொடுக்கலாம். வாரத்தில் அதிக நட்சத்திரம் வாங்கியவர் பெயர் திங்கட்கிழமை எல்லோர் போனிலும் மேலே வரும், பக்கத்தில் ஒரு கிரீடம். பிரகதி காட்டினாள். சிரிப்பு வந்தது. ராஜா ராணி நாடகமா? நம் பக்கத்து ஆளுக்கு மரியாதை என்றால் சாமி முன்னால் தலையில் கட்டுகிற பரிவட்டம்தான். அந்தத் துணிக்காகக் கோர்ட்டுக்குப் போனவர்கள், கதவைப் பூட்டிய கோயில்கள் எத்தனை!

"கிரீடத்த எடுத்துட்டுப் பரிவட்டத்தைப் போடு. ஒரே நாள்ல அத்தனை பேரும் உள்ள வருவான்."

"வெளையாட்டு இல்லையே மாமா? சண்டை வராதே?"

"போன்ல கட்டுற துணிக்கு எவன் சண்டை போடுவான்?"

வரைந்துவிட்டாள். சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துணி. நேரில் பார்த்த மாதிரியே இருக்கிறது.

நவம்பர் 12

ஷெட்டில் பஸ் படியில் ஏறி நின்று அறிவித்தேன். "மேல வர்ற பேருக்குத்தான்டா மொத மரியாதை. செயலாளரே ஒத்துக்கிட்டாரு." செயலாளருக்குத் தெரியாது. அவர் மனதில் இருந்திருக்கும், நான் வாயால் சொன்னேன்.

நவம்பர் 14

எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள்! கடைசி ஆயா வரை. பிரகதி போனில் அழுதாள்.

நவம்பர் 18

முதல் பரிவட்டம் குளத்தூர் பள்ளித் தமிழம்மாவுக்கு. டிரைவர்கள் அரைகுறையாகக் கைதட்டினார்கள். பொம்பளை, வெளியூர், யாருக்கும் உறுத்தவில்லை.

நவம்பர் 25

இந்த வாரம் பழனிச்சாமிக்கு!

அவன் ஆட்கள் ஒருத்தர் விடாமல் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். டீ குடிக்கிற போட்டோவுக்குக்கூட. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, எழுதிவைக்கிறேன். பழனிச்சாமியும் வெற்றிசெல்வனும் திருவரங்குளத்துக்குக் கிழக்கே ஒரே ஊர். ஷெட்டில் பாதிப் பேரும் அந்த ஊர்தான். ஊரில் பங்காளிக் கூட்டத்தைக் கரை என்பார்கள். வெற்றிசெல்வன் முதல் கரை, பழனிச்சாமி இரண்டாம் கரை. பரிவட்டம் முதல் கரைக்கு மட்டுமா, மாற்றி மாற்றிக் கட்டுவதா என்று கேஸ் நடக்கிறது. அதனால் அங்கே திருவிழாவே இல்லை.

வெற்றிசெல்வன் இன்று வெற்றிலை போடவில்லை. "கோயில்ல கெடைக்காதத போன்ல கட்டிக்கிட்டானாக்கும்" என்றான். தட்டிக்கொடுத்து அனுப்பினேன். என் பேச்சுக்கு மறுபேச்சு ஏது?

நவம்பர் 26

ஊர் முகப்பில் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். போனில் வந்ததை அப்படியே பெரிசாக அடித்து, பழனிச்சாமி தலையில் அந்தத் துணி. 'பரிவட்டம் கண்ட எங்கள் அண்ணன்.' ஷெட் கேட்டிலும் ஒன்று.

நாளைக்குக் கழற்றச் சொல்லவேண்டும்.

நவம்பர் 27

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல், விஷயம் நேர்.

காலை டிரிப் முடிந்து பஸ்கள் வந்து நின்றன. பிள்ளைகள் யாரும் இல்லை, அது புண்ணியம். வெற்றிசெல்வன் இறங்கி நேராகக் கேட்டுக்குப் போய் ஃப்ளெக்ஸைக் கிழித்தான். போட்டோவில் முகம் இருந்த இடத்தை மட்டும் சுருட்டிக் காலில் போட்டுத் தேய்த்தான். பழனிச்சாமி ஓடிவந்து தலையால் முட்டினான். மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. வெற்றி ரத்தத்தை வழித்து அவன் முகத்திலேயே பூசினான். "இந்தா, கட்டிக்கடா பரிவட்டம்!"

அப்புறம் ஆளுக்கொரு இரும்பு. பழனி கையில் ஜாக்கி ராடு, வெற்றி கையில் வீல் ஸ்பேனர். மற்ற டிரைவர்கள் கரை பார்த்து இரண்டாகப் பிரிந்து விழுந்தார்கள். கிளீனர் ஒருத்தனைத் தரையில் போட்டு மிதிக்கிறார்கள், பெல்ட்டால் விளாசுகிறார்கள், ஒருத்தன் காதைக் கடித்துத் துப்புகிறான். நான் நடுவில் பாய்ந்தேன். பறந்துவந்த ஸ்பேனரை ஒற்றைக் கையால் பிடித்தேன். அதோடு நாலு பேரைத் தூக்கி எறிந்தேன். எலும்பு முறிந்தும் நின்றேன்.

பழனி வீசிய ராடு வெற்றி தலைக்குப் போகவில்லை. பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி முழுதும் வெற்றியின் முகத்தில்.

அவன் கத்தவில்லை. "அண்ணே, லைட்டு போயிருச்சா?" என்று கேட்டான்.

நவம்பர் 29

இடது கண் போய்விட்டது. மதுரைக்குக் கொண்டுபோயும் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒற்றைக் கண்ணோடு பஸ் ஓட்ட யாரும் விடமாட்டார்கள்.

இதை எப்படி மாற்றி எழுதிப் பார்த்தாலும் இப்படித்தான் வருகிறது.

டிசம்பர் 1

ஊரில் அடிதடி. முதல் கரைக்காரர்கள் பழனிச்சாமி வீட்டில் புகுந்து பீரோ, கட்டில், டிவி எல்லாவற்றையும் கடப்பாரையால் நொறுக்கிவிட்டார்கள். பதிலுக்கு நாலு பைக், ஒரு வைக்கோல் போர் எரிந்தது. அரிவாள் வெட்டு, இரண்டு பேர் ஆஸ்பத்திரியில். திருவரங்குளம் பள்ளியில் நின்ற பஸ்ஸின் டயரைக் குத்தியிருக்கிறார்கள், சீட்டையும் கிழித்திருக்கிறார்கள். பழனிச்சாமியைப் போலீஸ் உள்ளே வைத்துவிட்டது.

என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் ஸ்பேனரைப் பிடித்த கதையைச் சொன்னேன். மூன்றாவது தடவை பாதியில் நிறுத்திவிட்டேன். பிடித்தேனா? முகத்தை மூடக் கையைத் தூக்கினேன். அதில் பட்டது. அவ்வளவுதான்.

டிசம்பர் 3

புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் வெற்றியைப் பார்க்கப் போனேன். ஆப்பிள் பையோடு வார்டு வாசலிலேயே அவன் மனைவி மணிமேகலை மறித்தாள். நம் பள்ளியில் ஆயா. ஒருநாளும் குரலை உயர்த்தாதவள்.

"பஸ் படியில நின்னுக்கிட்டு, மேல வர்ற பேருக்குத்தான் மொத மரியாதைன்னு சொன்னது யாருண்ணே?"

"அது ஒரு இதுக்கு, சும்மா..."

"சும்மாவா? நாங்க நெசம்னுதானே நெனச்சோம். ஒங்க வாய நம்பித்தானே உள்ள வந்தோம்." பையை வாங்கித் தரையில் கொட்டினாள். "எடுத்துட்டுப் போங்க. அவரு முழிச்சா ஒங்க மூஞ்சியப் பாக்க வேணாம்."

ஒரு கையால் பொறுக்குவது சிரமம். பொறுக்கினேன்.

டிசம்பர் 5

செயலாளர் விசாரணைக்கு வந்துவிட்டார். பிரகதியை ஒரு மணி நேரம் நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார். கிரீடத்தை எடுத்துப் பரிவட்டம் போட்டது யார்? நீதானே? போலீஸும் அதையே கேட்கிறது. வெள்ளிக்கிழமையோடு அவளை அனுப்பப்போகிறார்கள். மாமன் சொன்னான் என்று அவள் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை? கழுதை.

நான் உள்ளே போய் உள்ளதைச் சொன்னேன். நான்தான் போடச் சொன்னேன், ஷெட்டில் சொன்னதும் நான்தான். வாழ்க்கையில் ஒன்றும் சேர்க்காமல் பேசினேன்.

சோலையப்பன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "திருப்பதி, நீங்க சொல்றதுல கால்வாசிதான் எடுத்துக்கிடணும்னு ஊருக்கே தெரியும். அக்கா பொண்ணக் காப்பாத்தப் பாக்குறீங்க. அதோட, நீங்க சொன்னாலும் வரைஞ்சது அவதானே? எனக்கு வெளிய அனுப்ப ஒரு ஆள் வேணும். போலீஸுக்கும் ஒரு பேர் வேணும்."

வெளியே வந்து தூணில் குத்தினேன், நல்ல கையால். தூண் அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 6

கால்வாசிதானே எடுப்பார்கள்? அப்படியென்றால் நாலு மடங்கு போடுகிறேன்.

வாயால் சொன்னால் போன் எழுதிக்கொள்கிறது. கூடத்தில் இப்படிப் போட்டேன்: பிரகதி வீட்டுக்கு வந்த அன்று அவள் போன் என்னிடம் இருந்தது. பாஸ்வேர்டு அவள் அம்மா பெயர், எனக்குத் தெரியும். கிரீடத்தைத் தூக்கிவிட்டுப் பரிவட்டத்தை நான்தான் போட்டேன். மறுநாள் அவள் பார்த்துவிட்டுக் கத்தினாள். எடுத்தால் கையை உடைப்பேன் என்று மிரட்டினேன், ஓர் அறையும் விட்டேன். டிரைவர்களைக் கரை பார்த்து ஏற்றிவிட்டதும் நான். வெற்றிசெல்வனின் கண்ணுக்கு நான் பொறுப்பு.

கடைசி வரிக்கு மட்டும் ஒன்றும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

அனுப்பும் பொத்தானை இடது கையால் அமுக்கினேன். என் அக்கா மகளை நான் அடித்ததாக உலகத்துக்குச் சொல்கிறேன். அவள் மேல் ஒரு விரல்கூடப் பட்டதில்லையே—

டிசம்பர் 7

எல்லோரும் நம்பிவிட்டார்கள். இத்தனை வருடம் சொன்னதில் இதைத்தான் முழுசாக நம்பியிருக்கிறார்கள். டீக்கடையில் ஒரு வாத்தியார் "பொம்பளப் புள்ளைய அடிச்ச கையி" என்று என் மாவுக்கட்டைப் பார்த்துத் துப்பினார்.

டிசம்பர் 9

வேலை போய்விட்டது. ஷெட் சாவியைக் கொடுத்தேன். ஸ்டேஷனிலும் கையெழுத்து. கலகத்தைத் தூண்டியதாக என் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் பதிவைச் சத்தமாகப் படித்துவிட்டு, "அறைஞ்சியாய்யா?" என்றார். "ஆமாங்க" என்றேன். என் கன்னத்தில் ஒன்று விட்டார். காது இரண்டு நாள் கூவும்.

மூன்று சுற்றெல்லாம் சுற்றவில்லை. நின்ற இடத்தில் நின்றேன்.

டிசம்பர் 21

பிரகதி வரவில்லை. போனும் இல்லை.

ஜனவரி 8, 2025

கட்டுப் பிரித்தாயிற்று. கை முழுதாக நீளவில்லை. வெற்றிசெல்வனுக்குக் குளத்தூர் பள்ளி கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்திருக்கிறார்கள். பழனிச்சாமிக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. ஊர்க் கோயில் பூட்டியே கிடக்கிறது.

மாலையில் பிரகதி வந்தாள். உள்ளே வராமல் செருப்போடு நின்றாள்.

"எதுக்கு மாமா அப்படி எழுதுனீங்க? வழியில பாக்குறவங்க எல்லாம் என் கன்னத்தத் தடவுறாங்க. ஒங்கள என்னான்னு பேசுறாங்க தெரியுமா?"

"பேசட்டும் ஆத்தா. ஆர்டர் வந்துச்சா?"

"வந்துருச்சு."

"பெர்மனென்ட்டு?"

"ம்." தரையைப் பார்த்தாள். "மொத வேலையும் குடுத்துட்டாங்க. கூடத்துலேருந்து ஒங்க பேர எடுக்கணும். நீங்க போட்டது அத்தனையும்."

"எடுத்துட்டியா?"

"காலையில எடுத்துட்டேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நீளாத கையைப் பிடித்து மெல்ல நீட்டிப் பார்த்தாள். வலித்தது, சொல்லவில்லை. அந்தக் கடைசிப் பதிவை எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்டேன். முந்நூற்றுச் சொச்சம் என்றாள்.

முந்நூற்றுச் சொச்சம் என்றே எழுதிவைக்கிறேன்.