பல்பொடி வீசிய அர்ஜுனன்

அண்ணா,

இன்று காலை சூளகிரி சந்தையில் மிளகாய் வாங்கிக்கொண்டிருந்தேன். கிராம்பும் கற்பூரமும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. திரும்பிப் பார்த்தால் பல்பொடிக் கம்பெனி வேன். நீ செத்து வருஷம் திரும்பவில்லை, நீ நின்ற வேன்மேல் வேறொருத்தன் நின்று இளிக்கிறான். மிளகாயை அங்கேயே போட்டுவிட்டு நடையைக் கட்டினேன்.

கூத்தில் நீ அர்ஜுனன் வேஷம் கட்டினால் பேரிகை ஊரிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் உனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதற்காகத்தான் கம்பெனிக்காரன் உன்னைப் பிடித்தான். வேன்மேல் ஏறிப் பல்லைக் காட்டி, "சிரிச்சா ஊரே பாக்கணும்!" என்று மூன்று பாஷையிலும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஓசூர் டூரிங் டாக்கீஸில் படத்துக்கு முன்னால் உன் இளிப்பைக் காட்டினார்கள். அதையே தகரத்தில் அச்சடித்துச் சாலையோரப் புளியமரத்திலெல்லாம் ஆணி அறைந்தார்கள். "நம்ம மூஞ்சி பெங்களூர் ரோட்டுக்கே போயிடுச்சு தங்கச்சி" என்றாய். நானும் பூரித்துத்தான் போனேன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் கூத்தில் நீ வாயைத் திறந்தாலே கேலி. சிவனை நினைத்து உருகிப் பாடினாலும், "அர்ஜுனா, பல்லைக் காட்டு!" பீடியும் கையுமாக விசிலடித்த அந்த மூஞ்சிகளை நினைத்தால் இப்போதும் காறித் துப்பத் தோன்றுகிறது.

அந்த வருஷம் நம் ஊர் பாரதத் திருவிழா. எனக்குக் கல்யாணமாகி வெகுநாளாகியும் வயிறு திறக்கவில்லை. மாமியார் தன் மகனுக்கு வேறு பெண் பார்க்கத் தொடங்கியிருந்தாள். அர்ஜுனன் தபசு மரமேறி உச்சியிலிருந்து வீசும் எலுமிச்சம்பழம் மடியில் விழுந்தால் பிள்ளை நிச்சயம் என்று நம்பினேன். என்னைப்போல் இன்னும் சில பெண்கள். பட்டினி கிடந்து, ஈரப் புடவையோடு மரத்தைச் சுற்றிப் படுத்திருந்தோம். அர்ஜுனன் இறங்கும்வரை நாங்கள் வாய் திறக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. "எந்த மூலைல படுத்தாலும் உன் மடிக்கே வீசறேன், போ" என்று முதல் நாளே சொல்லியிருந்தாய்.

பந்தலும் விளக்கும் கம்பெனிச் செலவு என்றதும் நம் ஊர்ப் பெரிய மனுஷர்களுக்கு வாயெல்லாம் எச்சில். சாமி காரியத்தில் பல்பொடி! சீ! உன் தோள்பையில் பழத்துக்கு மேலே பொட்டலங்களைத் திணித்து அனுப்பினார்கள். நீ பாடிக்கொண்டே ஏறினாய். உச்சியில் நின்றதும், "பல்லைக் காட்டு! பல்பொடியை வீசு!" என்று கூட்டம் கத்தியது. பாட்டைப் பாதியில் நிறுத்திப் பல்லைக் காட்டினாய். "சிரிச்சா ஊரே பாக்கணும்!" ஊரே இரண்டுபட்டது. பிறகு பொட்டலம் பொட்டலமாக வீசினாய். நான் ஏந்திய முந்தானையில் ஒன்று விழுந்தது. ஈரத்தில் காகிதம் பிரிந்து சிவப்புப் பொடி புடவையெல்லாம் கரைந்து ஓடியது. பழம் பையின் அடியிலேயே கிடந்தது. அப்படியே இறங்கிவிட்டாய்.

அடுத்த வருஷம் அர்ஜுனனுக்கு வேறு ஆள் வந்தான். உன்னைக் கோமாளி வேஷத்துக்குக் கூப்பிட்டார்கள், அதற்கும் போனாய். முன்பல் ஆடத் தொடங்கியதும் கம்பெனி கழற்றிவிட்டது. என் வீட்டில் இன்னொருத்தி வந்து சேர்ந்தாள். பழம் விழுந்திருந்தாலும் வந்திருப்பாளோ என்னவோ, யார் கண்டது.

நீ காய்ச்சலில் கிடந்தபோதுதான் கேட்டேன். "ஏண்ணா, அன்னிக்கு ஒரு பழங்கூட வீசல?"

கூரையைப் பார்த்தபடியே சொன்னாய். "அத்தினி சனமும் பல்பொடியத்தானே கேட்டுச்சு. பழம் வேணும்னு ஒரு கொரலுகூட வரல, தங்கச்சி."

பதில் நாக்கு நுனிவரை வந்தது. கிழிந்த நாராய்க் கிடந்த உன்னிடம் அதைச் சொல்ல மனசு வரவில்லை. அது இன்றுவரை என்னிடமே கிடக்கிறது.

வாய் திறக்கக் கூடாது என்று சொல்லித்தானே, அண்ணா, எங்களைப் படுக்க வைத்திருந்தார்கள்?