கரை ஆடுகிறது

என் மகளுக்கு,

தொலைபேசியில் உடம்பைப் பற்றி ஆரம்பித்தாலே சிரித்துவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால் எழுதி, உன் மாமாவிடம் கொடுத்துக் காலை ரயிலில் அனுப்புகிறேன்.

பிருந்தா சித்தி கடற்படையிலிருந்து விடுப்பில் வந்தால் பையைக்கூடப் பிரிக்காமல் வாலிபால் ஆடப் போய்விடுவாள். நாற்பது வயதிலும் அவள் அடியை எங்கள் வலியசாலைத் தெருப் பையன்கள் யாராலும் தடுக்க முடியாது. "சேச்சி அடிச்சா பந்தைத் தம்பானூர் ஸ்டேஷன்ல போய்த்தான் எடுக்கணும்" என்பார்கள்.

ஆட்டத்தின் நடுவே சில சமயம் வலைக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் எழுந்து போனால், "ஒண்ணுமில்லக்கா, கப்பல்லேர்ந்து எறங்கினா கொஞ்ச நாள் கரை ஆடும்" என்று சிரிப்பாள். கடலில் இருந்து வருகிறவர்களுக்கு அப்படித் தோன்றுவது உண்மைதான். எதையும் லேசில் நம்பாத எனக்கே அது போதுமான காரணமாக இருந்தது. ஒருநாள் அந்தக் கம்பத்தடியிலேயே விழுந்தாள், எழுந்திருக்கவில்லை. இதயத்தின் தசை தடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

அது ரத்த உறவில் வரக்கூடியது என்பதால் முந்தாநாள் எனக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் திரையைப் பார்த்தபடியே, பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். மாத்திரை தந்திருக்கிறார். என்னைப் பற்றி இப்போது வேண்டாம்.

நேற்று நீ சொன்னாய்: "மேட்ச் நடுவுல தரை கொஞ்சம் ஆடித்தும்மா. தூக்கமில்லை, அவ்வளவுதான்."

நீ கப்பலில் ஏறியதே இல்லை.

சனிக்கிழமை ஆட வேண்டாம். ஷூவை அறையிலேயே விட்டுவிட்டுக் கீழே வா. நீ இதைப் படிக்கும்போது மாமா ஹாஸ்டல் வாசலில் ஆட்டோவை நிறுத்திவைத்திருப்பார், உன்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக. படியில் ஓடாதே.

அம்மா