பேட்டரி மூடியைக் கண்டுபிடித்த பக்கிரிசாமி

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று கம்பெனி என்னால்தான் ஓடியது. எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு யாரும் நம்ப மாட்டார்கள். லாரியில் ஏற்றும்போது ஒரு பெட்டி தலைகீழாக வந்தது. முதலில் சொன்னவன் நான். இரண்டாவதாகச் சொன்னவன் சூப்பர்வைசர். பெயர் அவனுக்குப் போனது. பி.டெக் படித்தவன்! பெட்டி மேல் இருக்கும் அம்புக்குறியைக் காட்ட அவனுக்கு ஒரு பக்கிரிசாமி வேண்டியிருக்கிறது. நான் எட்டாவது. அதுவும் பாதி.

என் அக்கா மகள் மோகனப்ரியா, எனக்கு எப்போதும் பாப்பா, இதே கம்பெனியில் மாடியில், ஏசியில் இருக்கிறாள். டிசைன் டிரெய்னி. பால் சங்கங்களுக்கு நாங்கள் செய்து அனுப்பும் கை மெஷின் இருக்கிறதே, பால் அளவைத் தட்டினால் சீட்டு அடித்துத் தருமே, அதன் முதுகில் இருக்கும் பேட்டரி மூடிக்கு அவள்தான் கொக்கி போட்டாள். திருகாணி கிடையாது. ஒரு சின்ன நாக்கு. கட்டைவிரலால் ஓரமாகத் தள்ளினால் மூடி தானே எழும்பும் என்கிறாள். என் ரத்தம் அல்லவா.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பிச்சாட்டூர் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்ப் பால் சங்கத்துக்கும் அந்த மெஷின் வந்துவிட்டது. செக்ரட்டரி நாகையா அதைத் துணி போட்டு மூடி, உற்சவர் மாதிரி வைத்திருந்தான். கேனோடு அத்தனை பேர் நிற்கும்போது நான் எப்படிச் சும்மா இருப்பது? அந்தக் கொக்கி என் யோசனை என்றேன். ஆட்டுப்பட்டிப் படலைப் பார்த்து யோசித்தது, பாப்பா வரைய மட்டும் வரைந்தாள் என்றேன். பாதிதான் சொல்ல நினைத்தேன். கேட்கிறவர்கள் வாயைப் பிளந்து நின்றால் மீதி தானாக வருகிறது.

"நிஜமாவா அண்ணா! இரு, வீடியோ எடுக்கறேன்" என்றான் நாகையா. மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

பச்சையம்மாளைக் கூட்டிப்போனது தப்பு. கட்டியவள் என்ற எண்ணமே இல்லை. கேனைக் கீழே வைத்துவிட்டு, "எங்க ஊட்டு டிவி ரிமோட்டு மூடி போயி எத்தினி வருசமா ரப்பர் பேண்டு சுத்திக்கினு கீறோம். அதுக்கும் ஒண்ணு கண்டுபுடிக்கச் சொல்லு இந்த மனுசன" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பெரிய மனிதர்கள் வீட்டில் இது சகஜம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

வீடியோ ஊர் ஊராகப் போகிறதாம். கங்காதர நெல்லூர் டீக்கடையில் என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். பஸ் வந்ததால் எழுந்தார்கள் என்கிறாள் பச்சையம்மாள். அவள் அங்கே இல்லவே இல்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மெஷின்கள் திரும்பி வருகின்றன. நான்தான் இறக்கினேன். எல்லாவற்றிலும் அந்த நாக்கு முறிந்திருக்கிறது. "புத்தூருக்கு அனுப்பி எலும்புக் கட்டு போட்டுக்கினு வரலாமே" என்றேன். நல்ல ஜோக். யாரும் சிரிக்கவில்லை.

கேன்டீனில் பாப்பா தனியாக உட்கார்ந்திருந்தாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"டெஸ்ட்ல ஆயிரக்கணக்குல தொறந்து மூடினோம் மாமா. ஒண்ணுகூட ஒடியல. ஊருக்குப் போனா மட்டும் ஏன் ஒடியுதுன்னே தெரியல. அடுத்த மாசம் என்னை பர்மனன்ட் பண்ணணும். இந்தக் கொக்கி போச்சுன்னா நானும் போனேன்."

"மாமா கீறேன், கவலப்படாத" என்றேன். இருந்து என்ன செய்வேன் என்று அவள் கேட்கவில்லை. நல்ல வேளை.

செப்டம்பர் 2, திங்கள்

வீடியோ பவன்குமார் சாருக்குப் போய்விட்டது. டிசைனுக்கு மேனேஜர் அவர்தான். பாப்பா போன் செய்தாள்.

"இன்னா மாமா பண்ணி வெச்சிகிற நீ? லோடிங் ஆள் சொன்னத வரைஞ்சி குடுத்தியா, அதான் ஒடியுதான்னு கேக்கறாங்க. டிராயிங்க வெளிய காட்டினியான்னு கேக்கறாங்க. நான் இன்னான்னு சொல்றது?"

அழுகிறாள். வியாழக்கிழமை என்னையும் மாடிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னா சொல்லிட்டேன் அப்படி? ஆட்டுப்பட்டின்னு ஒரு வார்த்த. அதுக்கா இவ்ளோ—

வீடியோவை மறுபடி பார்த்தேன். ஒரு வார்த்தை இல்லை. ஜப்பானில் இருந்து கூப்பிட்டார்கள், நான்தான் போகவில்லை என்றும் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 4, புதன்

"நாளைக்குப் போயி, நான் வுட்டது ரீலுன்னு ஒத்துக்கோ. அந்தப் பொண்ணு வேலை போச்சுன்னா உங்க அக்கா மூஞ்சியில எப்டி முழிப்ப?" என்கிறாள் பச்சையம்மாள்.

ஒத்துக்கொள்வதாகச் சொன்னேன். சொல்வதற்கென்ன.

செப்டம்பர் 5, வியாழன்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

மாடிக்குப் போகிறவன் பரட்டைத் தலையோடு போக முடியுமா? தேங்காய் எண்ணெயை வழிய வழிய வைத்து, வகிடு எடுத்து, வெள்ளைச் சட்டை போட்டுப் போனேன். லிஃப்டில் கண்ணாடி இருந்தது. இரண்டு கையாலும் இன்னொரு முறை படிய வாரிக்கொண்டேன்.

பவன்குமார் சாரும் இன்னும் சிலரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் பாப்பா, தலை குனிந்து.

"ஏமய்யா, இதி நுவ்வு கனிபெட்டினாவா? நீ கண்டுபிடிச்சதா?" என்றார் சார், பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக.

இல்லை என்று சொல்லத்தான் போனேன், சாமி சத்தியமாக. அத்தனை படித்தவர்களும் என் வாயையே பார்த்தார்கள். "ஆமா சார்" என்று வந்துவிட்டது.

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத மாட்டேன்.

"அப்ப தொறந்து காட்டு" என்று மெஷினை நீட்டினார்.

கட்டைவிரலை வைத்துத் தள்ளினேன். வழுக்கியது. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? எனக்கென்ன தெரியும்? மூடிய பெட்டியைத்தானே ஏற்றுகிறேன்! அந்தப் பக்கம் தள்ளினேன். எண்ணெய்க் கை, மறுபடி வழுக்கியது. யாரோ சிரித்தார்கள். என்னப் பாத்தா சிரிக்கற? வண்டிச் சாவியை எடுத்து இடுக்கில் விட்டு ஒரே நெம்பு. டப்பென்று நாக்கு முறிந்து பவன்குமார் சாரின் காபியில் விழுந்தது.

"இவன் கண்டுபிடிக்கல. அது மட்டும் கன்ஃபார்ம்" என்றார் சார், காபியைப் பார்த்துக்கொண்டே. அறையே சிரித்தது.

பாப்பா மட்டும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து மெஷினை வாங்கினாள். திரும்பி வந்ததில் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே இடத்தில் அதே கீறல். பிறகு என் கட்டைவிரலைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள்.

"மாமா, பால் ஊத்தற எடத்துல நாகையா கை எப்டி இருக்கும்?"

"எப்டி இருக்கும்? இதே மாரிதான். பாலேடும் வெண்ணெயுமா வழவழன்னு."

"சார், நாம க்ளவுஸ் போட்ட காஞ்ச கையால டெஸ்ட் பண்ணோம்" என்றாள். "அங்க யாருக்கும் நாக்கு நகர்ந்திருக்காது. எல்லாரும் சாவியாலதான் நெம்பியிருக்காங்க."

சிரிப்பு நின்றது. என்னைக் கீழே போகச் சொன்னார்கள்.

"ஒத்துக்கினியா?" என்று கேட்டாள் பச்சையம்மாள்.

"அதுக்குள்ள அவங்களே கண்டுபுட்சிட்டாங்க" என்றேன்.

செப்டம்பர் 9, திங்கள்

லோடிங்கில் எல்லோரும், "சயின்டிஸ்ட் சார், சாவி எடுத்துக்கினு வந்தீங்களா?" என்கிறார்கள். டிரைவர் சந்துரு என்னைக் கண்டதும் காபியை மூடிக்கொள்கிறான். அற்பர்கள்.

அக்டோபர் 1, செவ்வாய்

பாப்பா மாடிக்குக் கூப்பிட்டாள். மேசையில் புது மூடி, பக்கத்தில் கிண்ணம் நிறைய வெண்ணெய். நாக்கு இப்போது அகலம். மேலே சொரசொரவென்று வரி. பக்கத்தில் அம்புக்குறி.

"வெண்ணெய தடவிக்கினு தொற மாமா."

தடவினேன். தள்ளினேன். திறந்தது.

"இப்ப ஒட."

சாவியை எடுத்தேன். நுனி நுழைய இடுக்கே இல்லை. பல்லால் கடித்தும் பார்த்தேன். பல்தான் வலித்தது.

"இவன் கைக்கே தப்பிச்சா எங்க வேணா அனுப்பலாம்" என்றார் பவன்குமார் சார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். பாப்பா முதல் முறையாகச் சிரித்தாள். வெண்ணெய் மீதியை வீட்டுக்குக் கேட்டேன். தரவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

பால் சங்கத்துக்குப் புது மெஷின் வந்தது. நாகையா பாலேடு படிந்த கையோடு தள்ளினான், பட்டென்று திறந்தது. உடனே போனைத் தூக்கினான்.

"அண்ணா, இதுவும் உன்னுதா? சொல்லு, சொல்லு, எடுத்துக்கினு கீறேன்."

கேனோடு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கை தானாக மேல் பொத்தானுக்குப் போனது. பச்சையம்மாள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னுது இல்ல. எங்க அக்கா பொண்ணு மோகனப்ரியா போட்டது. இந்த வாரம்தான் அவள பர்மனன்ட் ஆக்கினாங்க."

"அவ்ளோதானா?" என்று நாகையா போனை இறக்கிவிட்டான். உண்மையை வீடியோ எடுக்க இந்த ஊரில் ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்தால், பாப்பா எங்கள் ரிமோட்டுக்கு ஒரு மூடி செய்து கொடுத்தனுப்பியிருக்கிறாள். அதில் குருடனுக்கும் தெரிகிற மாதிரி ஒரு பெரிய அம்புக்குறி. ரப்பர் பேண்டைக் கழற்றிப் போட்டு அதை மாட்டினேன். திறந்து மூடிக் காட்டலாம் என்று பச்சையம்மாளைக் கூப்பிட்டேன்.

வந்தாள். முதல் வேலையாக, மேசை மேல் இருந்த என் வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இப்ப தொற" என்றாள்.